மின்சாரக் காரின் ஏசியில் சூடான காற்று: கேஸ் நிரப்பும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நான்கு ஆண்டுகளாக மின்சாரக் கார் ஓட்டி வருகிறேன். சில வாரங்களாக ஏசி சரியாகக் குளிர்விப்பதில்லை. வண்டி ஓடும்போது ஓரளவு குளிர்ந்த காற்று வருகிறது. சிக்னலில் நின்றால் சில நிமிடங்களில் வெதுவெதுப்பாகி விடுகிறது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், கேஸ் குறைந்திருக்கும், நிரப்பிவிடலாம் என்கிறார். நிரப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி, கேஸைவிட, ஏசியின் வெப்பத்தை வெளியேற்றுவதற்காக வண்டியின் முன்பக்கத்தில் இருக்கும் கண்டென்சரையும் அதன் ஃபேனையும்தான் முதலில் சந்தேகிக்க வைக்கிறது. பெட்ரோல் காரில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் சுழற்றுவதால், வண்டி நின்றதும் கம்ப்ரசரின் வேகமும் குறைந்து, கேஸ் சற்றுக் குறைவாக உள்ள ஏசி உடனே தளர்ந்துவிடும். அந்த அனுபவத்தில்தான் உங்கள் மெக்கானிக் பேசுகிறார். மின்சாரக் காரில் கம்ப்ரசருக்குத் தனி மோட்டார் உண்டு. சக்கரம் சுழல்கிறதா நிற்கிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வண்டி நிற்கும்போது உண்மையில் மாறுவது கண்டென்சரின் மேல் படும் காற்றுதான். ஓட்டத்தில் எதிர்க்காற்று வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. நின்றபின் ஃபேன் மட்டுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். அது சுழலாவிட்டாலோ, கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே தூசியும் பூச்சிகளும் அடைத்திருந்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறும். அதை உணரும் சென்சாரின் தகவலைக் கொண்டு கார் தானாகவே கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி, ஏசியை மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து முன்பக்கம் நின்று ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கையை அருகில் கொண்டு செல்லாதீர்கள். மின்சாரக் காரில் ஃபேன் எந்த முன்னறிவிப்பும் இன்றிச் சுழலத் தொடங்கும். கண்டென்சர் அழுக்காக இருந்தால், வண்டியை அணைத்துவிட்டு மென்மையான நீரோட்டத்தால் கழுவலாம். உயர் அழுத்த நீர்த் தாரை தகடுகளை வளைத்துவிடும்.

சூடான காற்று வேறு சமயங்களிலும் வருகிறதா என்று கவனித்துக் குறித்து வையுங்கள். பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கம்ப்ரசர்தான்; வேகச் சார்ஜின்போதும் அது முடிந்த சிறிது நேரத்துக்கும் குளிர்ச்சியின் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகலாம். சார்ஜ் மிகவும் குறைந்திருக்கும்போதும், சிக்கன ஓட்ட முறையிலும் ஏசியின் ஆற்றல் கட்டுப்படுத்தப்படலாம். இவை பழுதுகள் அல்ல. தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றின் அளவே குறைந்தால், உட்புறக் குளிர்விப்பான் மேல் பனி உறைகிறது என்று கொள்ளலாம். அப்போது கேபின் ஃபில்டரை முதலில் பாருங்கள். ஹீட் பம்ப் (ஏசி அமைப்பையே உட்புறத்தைச் சூடாக்கவும் பயன்படுத்தும் ஏற்பாடு) உள்ள கார்களில் கேஸின் பாதையைத் திருப்பும் வால்வு ஒன்று சிக்கிக்கொண்டாலும் சூடான காற்று வரும். அதைக் கணினிக் கருவியால்தான் கண்டறிய முடியும்.

இனி கேஸ். ஏசியின் கேஸ் எரிபொருள் போலச் செலவாகிற பொருள் அன்று. குழாய்களின் வழியே ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு கசியலாம். குளிர்ச்சியே போகும் அளவுக்குக் குறைந்திருந்தால் கசிவு ஒன்று இருக்கிறது, அதை அடைக்காமல் நிரப்புவது வீண். அழுத்தமானியை மாட்டி, ஏசி ஓடாத நிலையில் பார்த்துவிட்டுக் கேஸ் போதவில்லை என்று சொல்வதையும் ஏற்காதீர்கள். உள்ளே திரவம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் வரை அந்த அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஆர்-134ஏ கேஸ் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் மானி சுமார் 6.7 பார் (bar) அழுத்தம்தான் காட்டும். உள்ளதை முழுவதும் வெளியே எடுத்து எடை பார்த்து, வெற்றிடமாக்கி, பானெட்டின் அடியில் உள்ள லேபிள் சொல்லும் கிராம் கணக்கில் நிரப்புவதே சரியான முறை. கார் ஏசிகளில் பயன்படும் ஆர்-134ஏ, ஆர்-1234ஒய்எஃப் என்னும் இருவகைக் கேஸ்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. பின்னது சிறிதளவு தீப்பற்றக்கூடியது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, கம்ப்ரசர் தேயாமல் இருக்கக் கேஸோடு சேர்ந்து ஓடும் ஆயிலைத்தான். மின்சாரக் கம்ப்ரசரின் மோட்டார்ச் சுருள்கள் கேஸும் ஆயிலும் கலந்த ஓட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றன. அங்கே பாயும் மின்னழுத்தம் பெரும்பாலான கார்களில் 300 முதல் 400 வோல்ட், சிலவற்றில் 800 வரை. அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான் பொதுவாகப் பயன்படுகிறது. பெல்ட் கம்ப்ரசர்களுக்கான பிஏஜி ஆயில் அதில் கலந்தால் மின்காப்பு குறையும். காப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் கார், ஒரு கட்டத்தில் ஓட மறுக்கவும் கூடும். பிறகு கம்ப்ரசரோடு மற்ற பாகங்களையும் மாற்ற நேரிடலாம். பெட்ரோல் கார்களுக்குப் பயன்படும் கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாய்களில் மிஞ்சிய ஆயிலே இந்தத் தீங்கைச் செய்யப் போதும் என்பதால், இயந்திரம் மின்சாரக் கார்களுக்கு உரியதா, குழாய்கள் கழுவப்பட்டனவா என்று கேட்கத் தயங்காதீர்கள். கசிவை அடைக்கும் திரவம் எதையும் உள்ளே ஊற்ற அனுமதிக்காதீர்கள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைப் பயிற்சி பெற்றவர் தவிர வேறு எவரும் தொடக்கூடாது.

பழுது தீரும்வரை வெயில் நேரத்தில் வேகச் சார்ஜைத் தவிருங்கள். கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்ற முடியாவிட்டால் பேட்டரிக்கும் குளிர்ச்சி குறையும். ஃபேன் நன்றாகச் சுழன்று, கண்டென்சரும் சுத்தமாக இருந்தால் மட்டும் சர்வீஸ் சென்டரில் கேஸைச் சோதிக்கச் சொல்லி, வெளியே எடுத்த கேஸின் எடையை எழுதி வாங்குங்கள். அது லேபிளில் உள்ள அளவுக்கு அருகில் இருந்தால் கேஸ் குறைவு காரணமல்ல. அடுத்து அழுத்த சென்சாரையும், உட்புறக் குளிர்விப்பானுக்குள் கேஸ் செல்லும் அளவைக் கட்டுப்படுத்தும் விரிவு வால்வையும் சோதிக்கச் சொல்லுங்கள்.