பழைய ஆங்கிலத் துப்பாக்கி எந்த வருடத்தது என்று குழலில் உள்ள முத்திரைகளை வைத்துச் சொல்ல முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: இங்கிலாந்தில் உங்கள் மாமனார் விட்டுச் சென்ற 12 போர் (‘போர்’ என்பது குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன், அதாவது சிறுரவை சுடும் துப்பாக்கி. செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. குழலின் அடியில் கிரீடம், அதன்கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள், நடுவே பி, பி, சி என்ற எழுத்துகள். அப்புறம் 13 என்ற எண். இடது குழலில் மட்டும் ‘நாட் ஃபார் பால்’. ஓரமாகக் கிரீடத்தின்கீழ் பி.என்.பி., பக்கத்தில் ‘3 டன்’. கடைக்காரர் ஒருவர் 1960 வாக்கில் செய்தது என்கிறார்.

இல்லை. இந்தத் துப்பாக்கி 1875-க்கும் 1887-க்கும் இடையில் பிறந்தது.

பி.பி.சி. செய்தவரின் பெயர் இல்லை, பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைக்கூடத்தின் குறி. 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி தொடங்கிய சோதனைக்கூடம் அது. வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து திணித்துச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை. செங்கோல் முத்திரை 1904 வரை இருந்தது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் தொண்ணூறு வருடம் விரிகிறது.

அதைச் சுருக்கித் தருவது ‘நாட் ஃபார் பால்’. ‘குண்டு போடாதே’ என்று பொருள். குழலின் வாயைச் சற்றுக் குறுக்கிச் சிறுரவை சிதறாமல் போகச் செய்யும் சோக் முறை 1870-களில் பரவியது. பர்மிங்காமில் துப்பாக்கி செய்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனருக்கு அதில் பெரிய பங்கு. குறுகிய வாய்க்குள் முழுக் குண்டு போனால் குழல் கெடும். அதனால் 1875 விதிகளில் இந்த எச்சரிக்கை வந்தது. 1887-இல் அதை எடுத்துவிட்டு ‘சோக்’ என்றே பொறித்தார்கள். அதே வருடம்தான் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) அளவைக் காட்டும் வைரக்கட்டக் குறியும் வந்தது. உங்கள் பட்டியலில் அது இல்லை, கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

13 என்ற எண் குழலின் உள்விட்டம். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை தேறுமோ அந்த எண்ணிக்கை. 12 போர் துப்பாக்கியில் 13 இருப்பது சாதாரணம், குழம்ப வேண்டாம்.

சரி, பி.என்.பி.? புகையில்லா மருந்துக்கான நைட்ரோ சோதனை. பர்மிங்காமின் கிரீட பி.என்.பி. 1954 விதிகளில் வந்தது. டன் கணக்கில் அழுத்தம் பொறிப்பதும் அந்த விதிகளோடு வந்ததுதான். 1989-இல் அது ‘பார்’ என்ற அழுத்த அளவுக்கு மாறியது. அப்படியானால், புகை கக்கும் பழைய கருமருந்துக் காலத்தில் பிறந்த துப்பாக்கியை யாரோ அக்கறையாக மறுசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர் பார்த்தது அந்த இரண்டாவது முத்திரையை.

நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். ஒரு ஏலத்தில் ‘1920-களைச் சேர்ந்தது’ என்ற விவரத்தை நம்பி வாங்கினேன். வீட்டில் குழலைக் கழற்றிக் கவிழ்த்தபோது, புது முத்திரைகளுக்கு நடுவே பாதி அழிந்த செங்கோல்கள் தெரிந்தன. அன்றிலிருந்து எனக்கு ஒரே பழக்கம்: வயதுக்கு மிகப் பழைய முத்திரையைப் பார்ப்பேன், எதைச் சுடலாம் என்பதற்கு மிகப் புதியதைப் பார்ப்பேன்.

இன்னொன்று, முத்திரை சோதித்த ஊரைத்தான் சொல்லும். பர்மிங்காமில் செய்து லண்டனில் சோதித்தவையும் உண்டு. லண்டன் முத்திரையில் கிரீடத்தின்கீழ் ஜி.பி. பின்னியிருக்கும்.

இன்னும் நெருங்க வேண்டுமானால் விசைக்காப்பின் வால்பகுதியில் வரிசை எண் இருக்கிறதா, குழல்களின் நடுப்பட்டையில் முகவரி தெரிகிறதா என்று பாருங்கள். முகவரி பெரிய துப்பு. லண்டனில் துப்பாக்கி செய்யும் பர்டி நிறுவனம் 1880-களின் தொடக்கத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்து சவுத் ஆட்லி தெருவுக்கு மாறியது. பர்டி துப்பாக்கியில் எந்தத் தெரு பொறித்திருக்கிறது என்பதே காலத்தைச் சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், இப்போதைக்குச் சுட வேண்டாம். கடைசிச் சோதனைக்குப் பிறகு குழல் எவ்வளவு தேய்ந்தது என்பதை முத்திரை சொல்லாது. துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து உள்விட்டத்தையும் குழல்சுவரின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். 12 போர் என்பதால் எவ்வளவு பழையதானாலும் இங்கிலாந்தில் காவல்துறையின் ஷாட்கன் சான்றிதழ் வேண்டும். அது உங்கள் பெயரில் இல்லையென்றால் முதலில் அதைக் கவனியுங்கள்.