மாட்யூலை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலோடு சேர்க்கும் கோட் துண்டை, ஏற்ற இன்ஸ்மாட் கட்டளை அடித்ததும் லினக்ஸின் மையமான கெர்னலில் என்ன நடக்கிறது? அதற்கு இனிட்_மாட்யூல் என்ற சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) இருக்கும்போது எஃப்இனிட்_மாட்யூல் எதற்கு?

நானும் இதே இடத்தில்தான் குழம்பினேன். கையில் இருந்த பழைய புத்தகத்தில் க்ரியேட்_மாட்யூல், கொயரி_மாட்யூல் என்று வேறு அழைப்புகள் இருந்தன. ஒரு நிரல் செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு இன்ஸ்மாட்டை ஓட்டிப் பார்த்தால் அவற்றின் சுவடே இல்லை. கோப்பைத் திறக்கிறது, எஃப்இனிட்_மாட்யூலை அழைக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். 2.4 கெர்னல் வரை மாட்யூலைக் கெர்னலோடு இணைக்கும் (லிங்க் செய்யும்) வேலை இன்ஸ்மாட்டின் தலையில் இருந்தது. எந்தச் சிம்பல் (ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயர்) எந்த முகவரியில் இருக்கிறது என்று கெர்னலிடம் கேட்கும், க்ரியேட்_மாட்யூல் மூலம் இடம் வாங்கும், முகவரிகளைத் தானே பொருத்தும், கடைசியில் இனிட்_மாட்யூலிடம் கொடுக்கும். 2.6-இல் கெர்னல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் இந்த வேலை முழுவதையும் கெர்னலுக்குள் கொண்டுபோனார். பழைய அழைப்புகள் நீக்கப்பட்டன. இப்போது மாட்யூலின் .கேஓ கோப்பு அப்படியே உள்ளே போகிறது. கெர்னலே அந்தக் கோப்பின் ஈஎல்எஃப் (லினக்ஸ் நிரல் கோப்பு வடிவம்) பிரிவுகளைப் படித்து, நினைவகம் ஒதுக்கி, சிம்பல்களைப் பொருத்தி, மாட்யூலின் தொடக்க ஃபங்ஷனை ஓட்டுகிறது. அது பிழை எண் திருப்பினால் எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது.

ஒரு சிம்பல் கிடைக்காவிட்டால் இன்ஸ்மாட் 'சிம்பல் தெரியவில்லை' என்று பொதுவாகச் சொல்லி நின்றுவிடுவதும் இதனால்தான். தேடியது கெர்னல், எது கிடைக்கவில்லை என்று அதற்குத்தான் தெரியும். அதனால் உடனே கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் பாருங்கள், சிம்பலின் பெயர் அங்கே இருக்கும்.

சரி, எஃப்இனிட்_மாட்யூலுக்கு வருவோம். இனிட்_மாட்யூலுக்கு நாம் கொடுப்பது நினைவகத்தில் கிடக்கும் பைட்டுகள், அவற்றின் நீளம், மாட்யூலுக்கான அளபுருக்கள் (அமைப்பு மதிப்புகள்). அந்தப் பைட்டுகள் எந்தக் கோப்பிலிருந்து வந்தன என்று கெர்னலுக்குத் தெரிய வழியே இல்லை. 2013-இல் வந்த 3.8 கெர்னலில் நிரலாளர் கீஸ் குக் சேர்த்த எஃப்இனிட்_மாட்யூல் பைட்டுகளுக்குப் பதில் திறந்த கோப்பின் எண்ணை வாங்குகிறது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும், ஆனால் இதில்தான் விஷயமே இருக்கிறது. கோப்பு எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறது என்று கெர்னல் இப்போது பார்க்க முடியும். குரோம் ஓஎஸ் போல ரூட் கோப்பு முறைமையை எழுத முடியாதபடி பூட்டி, சரிபார்த்து வைத்திருக்கும் இடத்தில், அங்கிருந்து வந்த மாட்யூலை வந்த இடத்தை வைத்தே நம்பலாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம் தேவையில்லை. பின்னாளில் 4.7-இல் வந்த லோட்பின் என்ற பாதுகாப்பு வசதி இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த வடிவமைப்பு.

அப்புறம், இறக்குவது. அதற்கான கட்டளை ஆர்எம்மாட், அது அழைக்கும் சிஸ்டம் கால் டெலீட்_மாட்யூல். டெலீட்_மாட்யூலுக்குக் கோப்பு வேண்டாம், பெயர் போதும். யாராவது அந்த மாட்யூலைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் கெர்னல் மறுத்துவிடும். ஆனால் அந்தப் பயன்பாட்டுக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நான் எழுதிய ஒரு டிரைவரில் வெளியேறும் ஃபங்ஷனில் டைமரை நிறுத்த விட்டுவிட்டேன். ஆர்எம்மாட் ஒழுங்காக முடிந்தது. சில விநாடிகளில் டைமர் அடித்தபோது அது அழைக்க வேண்டிய கோட் நினைவகத்தில் இல்லை, கெர்னல் விழுந்தது. டைமர், இன்டரப்ட், ஒர்க் க்யூ (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) என்று நீங்கள் பதிவு செய்த ஒவ்வொன்றையும் நீங்களேதான் எடுக்க வேண்டும். கட்டாயமாக இறக்கும் வசதி பல கெர்னல்களில் அணைத்தே இருக்கும். இருந்தாலும் தொடாதீர்கள்.

ஏற்றவும் இறக்கவும் கேப்_சிஸ்_மாட்யூல் என்ற கெர்னல் உரிமை வேண்டும். சர்வரில், தேவையான மாட்யூல்கள் எல்லாம் ஏறிய பிறகு /ப்ராக்/சிஸ்/கெர்னல்/மாட்யூல்ஸ்_டிசேபிள்ட் கோப்பில் 1 எழுதிவிட்டால், மறுபடி பூட் செய்யும் வரை ரூட்டாலும் எதையும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. பழகிப் பார்ப்பதை மெய்நிகர் கணினியில் செய்யுங்கள்.