துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கிறீர்களா? முதலில் சாவி எங்கே என்று பாருங்கள்

ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பான எம்.இ.ஜி.யில் 24 வருடம், அப்புறம் ஒரு வங்கியில் கன்மேனாக 11 வருடம். லைசென்ஸ் புதுப்பிக்கும் படலத்தைப் பலமுறை பார்த்தவன் என்பதால் பெங்களூருவின் அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராம்புரம் பக்கத்து நம்மவர்களின் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டில் துப்பாக்கியை எப்படி வைப்பது, யார் தொடலாம். வந்த வரிசையில் இல்லாமல், தோன்றிய வரிசையில் பதில் எழுதுகிறேன்.

அண்ணே, என் 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கிக்கு லைசென்ஸ் மார்ச்சில் முடிகிறது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவார்களா? வந்தால் எதைப் பார்ப்பார்கள்? (அல்சூர், ஓய்வுபெற்ற வங்கிக் காவலர்)

நகருக்குள் லைசென்ஸ் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. விண்ணப்பம் இன்பென்ட்ரி ரோடு அலுவலகத்துக்குப் போனாலும், அறிக்கை உங்கள் பகுதி ஸ்டேஷனிலிருந்துதான் வரவேண்டும். சில சமயம் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள், சில சமயம் ஏட்டு ஒருவர் வீட்டுக்கே வருவார். வந்தால் முகவரி, துப்பாக்கி எண், தோட்டாக் கணக்கு, வைக்கும் இடம் எல்லாம் பார்ப்பார்.

என் கதையைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒரு தடவை ஏட்டு வந்தபோது இரும்பு பீரோவைப் பெருமையாகக் காட்டினேன். அவர், "பீகத கை எல்லி?" என்றார். சாவி எங்கே என்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்பே என் மனைவி சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். சாவி இல்லை. காபி டம்ளரோடு வந்த மருமகள், "அத்தை, நேத்துதான் அதை எடுத்துக் கடுகு டப்பாவுல போட்டேன்" என்றாள். ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, சாவி மூணு பேர் கையில" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தனி சேஃப் வாங்கி, சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டு, மறுபடி அவரை அழைத்துக் காட்டும் வரை அறிக்கை நகரவில்லை. மூன்று வாரம் போயிற்று.

இத்தனைக்கும் ராணுவத்தில் ஆயுத அறையைக் கோத் என்போம். அந்தச் சாவியை யார் எப்போது வாங்கினார், எப்போது திருப்பித் தந்தார் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்து போடாமல் ஒரு சிப்பாயும் உள்ளே போக முடியாது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கடுகு டப்பாவில் போட்டுவிட்டேன்.

மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முன்பே புதுப்பிப்பு விண்ணப்பமான ஏ-3 படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் யூஐஎன் என்ற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள்.

எஸ்-2 என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். படிக்காமலே போட்டுவிட்டேன். அது என்ன? (ஜீவன்பீமா நகர்)

2016 ஆயுத விதிகளோடு வந்த படிவம். துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவேன், பாதுகாப்பாக வைப்பேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. அது உங்கள் கோப்பில் இருக்கும். நாளை வீட்டில் ஏதாவது நடந்தால் முதலில் எடுக்கப்படும் தாள் அதுதான். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டம் 30ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சின்னத் தொகைதான். ஆனால் 17ஆம் பிரிவில் லைசென்ஸையே ரத்து செய்யலாம், வலி அங்கேதான்.

ஐயா, என் கணவருக்கு இரவுப் பணி. அவர் பிஸ்டலை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நாட்களில் சேஃப் சாவி என்னிடம் இருக்கும். இது தப்பா? (லிங்கராஜபுரம்)

தங்கச்சி, அந்தச் சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். லைசென்ஸ் ஆளுக்குத்தான் கொடுக்கிறார்கள், வீட்டுக்குக் கொடுப்பதில்லை. மனைவி என்பதால் உங்களுக்கு அதில் பங்கு வராது.

கையில் பிடித்திருந்தால்தான் 'வைத்திருத்தல்' என்று நினைக்காதீர்கள். 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால், பொருள் கையில் இல்லாவிட்டாலும், அது இருப்பது தெரிந்து அதன் மேல் கட்டுப்பாடும் இருந்தால் அதுவும் உடைமைதான். உள்ளே பிஸ்டல் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், சாவியும் உங்கள் முந்தானையில். இதை ஒரு வக்கீல் எந்தப் பக்கம் இழுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகம் 5 வருடம். இப்படிச் சாவி வைத்திருக்கும் ஒவ்வொரு மனைவி மேலும் வழக்கு போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. இருந்தாலும் அந்த வாதத்துக்கு இடம் கொடுப்பானேன்?

சட்டம் ஒரு சின்ன வழியும் விட்டிருக்கிறது. 3ஆம் பிரிவின்படி, லைசென்ஸ்தாரர் கூடவே இருக்கும்போதோ, அவர் எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தாலோ, பழுது பார்க்கவும் லைசென்ஸ் புதுப்பிக்கவும் அவருடைய உபயோகத்துக்காகவும் இன்னொருவர் அதை எடுத்துச் செல்லலாம். எனவே அவர் காய்ச்சலில் படுத்திருந்து, துப்பாக்கியை ஸ்டேஷனில் காட்ட வேண்டி வந்தால், தேதி, துப்பாக்கி எண், காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு லைசென்ஸ் புத்தகத்தோடு போங்கள். வாய்வார்த்தை போதாது.

அப்பாவுக்கு 72 வயது. துப்பாக்கி 30 வருடமாக வீட்டில் இருக்கிறது. புதுப்பிக்கும்போது என் பெயரையும் சேர்த்துவிட முடியுமா? (பிரேசர் டவுன்)

ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது போல இல்லை தம்பி. ரிட்டெய்னர், அதாவது லைசென்ஸ்தாரருக்காகத் துப்பாக்கியைக் கையாளும் ஆள், என்று லைசென்ஸில் ஒரு இடம் உண்டு, அதை அதிகாரி ஏற்று எழுதினால்தான் செல்லும். உங்களுக்கு நேர்வழி வேறு. 2016 விதிகளில் 25ஆம் விதி: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, அவர் 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது அவர் சொல்லும் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். உங்கள் அப்பா இரண்டையும் தாண்டிவிட்டார். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற பத்திரத்தை அப்பா நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிறகு அக்கா, மாமா, நிலப் பங்கு என்று பேச்சு எங்கெங்கோ போகும். உங்கள் பெயரில் லைசென்ஸ் வரும் வரை சேஃப் சாவி அப்பாவிடமே.

எந்த மாதிரி சேஃப் வாங்க வேண்டும்? டிஜிட்டல் நல்லதா? (ஸ்ரீராம்புரம்)

துணி பீரோவின் லாக்கர் வேண்டாம். வேலைக்காரம்மாவிலிருந்து கொழுந்தனார் வரை திறக்கிற பீரோ அது. தனி இரும்புப் பெட்டி, சுவரிலோ தரையிலோ உள்ளிருந்து போல்ட் போட்டது. போல்ட் இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை.

டிஜிட்டல் நல்லதுதான், நம்பரைப் பேரனின் பிறந்தநாளாக வைக்காத வரையில். கூடவே ஒரு அவசரச் சாவி தருவார்கள். எல்லோரும் மறந்துவிடுவது அதைத்தான். கடைக்காரர் கொடுத்த கவரோடு டிவி அலமாரியில் கிடக்கும்.

டபுள் பேரலைப் பிரித்து வைப்பது எளிது. திறந்து இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். குழல் ஒரு பூட்டில், பின்பகுதி இன்னொரு பூட்டில். தோட்டா மூன்றாவது இடத்தில், அதற்கும் பூட்டு. கான்வாஸ் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். பெங்களூரு மழைக்காலத்தில் உறை ஈரத்தைக் குடிக்கும், குழலில் துரு ஏறும். எண்ணெய்த் துணியால் துடைத்து வெறுமனே நிற்க வையுங்கள்.

பேசாமல் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டால்? (விவேக் நகர்)

முடியாது. லாக்கர் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படியுங்கள், ஆயுதமும் வெடிபொருளும் வைக்கக் கூடாத பட்டியலில் இருக்கும்.

பேத்தி பிரசவத்துக்காக இரண்டு மாதம் வேலூர் போகிறோம். வீடு பூட்டியிருக்கும். (ஆஸ்டின் டவுன்)

பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் கொடுக்காதீர்கள். எத்தனை நல்லவரானாலும் அவரைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். ஆயுதங்களை வைப்பாக வாங்கிக்கொள்ள உரிமம் உள்ள டீலரிடமோ, ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணை அங்கேயே சரிபாருங்கள். எனக்கு ஒரு தடவை 3ஐ 8 என்று எழுதிவிட்டார்கள், திரும்ப எடுக்கப் படாத பாடு பட்டேன்.

கூடவே கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸில் எந்தப் பகுதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கர்நாடகம் மட்டும் என்றால் அத்திப்பள்ளி தாண்டியதும் அது வெறும் புத்தகம். செல்லும் என்றாலும், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வேறு ஊரில் துப்பாக்கியோடு தங்கினால் அந்த ஊர் அதிகாரிக்கும் இங்கேயும் தகவல் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்ததால் லைசென்ஸ் காலாவதியானதைக் கவனிக்கவில்லை. துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறது. (மர்பி டவுன்)

இதைப் படித்ததும் கிளம்புங்கள். காலாவதியானதும் தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு போய் ஒப்படைத்து, ரசீதை இணைத்துப் புதுப்பிக்க மனு கொடுங்கள். நீங்களாகப் போனதற்கு மதிப்பு உண்டு.

தாத்தா காலத்து இரண்டும், எனது ஒன்றும் சேர்த்து மூன்று துப்பாக்கி. அப்படியே வைத்திருக்கலாமா? (இந்திராநகர்)

2019 திருத்தத்தில் ஒருவருக்கு இரண்டுதான். தாத்தா சொத்து என்றாலும் கணக்கு அதேதான். மூன்றாவதை ஒப்படைக்கக் கொடுத்த ஒரு வருட அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. வக்கீலைப் பார்த்துவிட்டு உடனே ஒப்படையுங்கள்.

குடகு நண்பர் தனக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார். கதை விடுகிறாரா? (காக்ஸ் டவுன்)

இல்லை, உண்மைதான். குடகின் குடவர்களுக்கும், அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. 2019இல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். அவருடைய விலக்கு அவருக்கு. அவர் துப்பாக்கியை உங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் உங்களுக்குச் சிக்கல்.

எங்கள் அண்ணன் லைசென்ஸ்தாரர். கடன் பிரச்சினை. மூன்று மாதமாகத் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. ரிவால்வரை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்று அண்ணி அழுகிறார். (ஊர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள்)

இதை எல்லாவற்றுக்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். ஒளித்து வைத்தால் ஆயுதம் உங்கள் உடைமை ஆகிவிடுகிறது. தவிர, ஒளித்த இடம் அவருக்கும் தெரிந்த வீடுதானே. அது வீட்டை விட்டே வெளியே போக வேண்டும்.

முதலில் அவரிடமே கேளுங்கள். "அண்ணா, கொஞ்ச நாள் டீலரிடம் வைத்துவிடுவோம், நீயே வந்து கையெழுத்து போடு." வெளிப்படையாகக் கேட்டால் கெட்டது நடந்துவிடும் என்று பயப்படாதீர்கள். இப்படி ஒருவரிடம் நான் கேட்டபோது, அவரே பெருமூச்சு விட்டுச் சாவியை என் கையில் வைத்தார். சாவி எனக்கு வேண்டாம் என்று சொல்லி, நானும் அவரோடு ஆட்டோவில் போய், அவர் கையாலேயே கொடுக்க வைத்தேன். சம்மதிக்கவில்லை என்றால் தயங்காமல் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரைப் பார்த்து எழுத்தில் கொடுங்கள். பொதுப் பாதுகாப்புக்காக லைசென்ஸை நிறுத்திவைக்க அதிகாரிக்கு வழி உண்டு. காட்டிக் கொடுத்தான் என்று அண்ணன் கோபப்படுவார், படட்டும். அவசரம் என்று தோன்றினால் 112.

அதே நாளில் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை எடுத்துச் சாமி முன் வைக்கலாமா? வருடா வருடம் வைக்கிறோம், பிள்ளைகள் எல்லாம் தொட்டுக் கும்பிடுவார்கள். (ஸ்ரீராம்புரம்)

நானும் வைக்கிறேன். காலி செய்து, பிரித்து, குழலை மட்டும் ஒரு துணி மேல் வைப்பேன். தோட்டா பெட்டிக்குள்ளேயே. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், பிள்ளைகள் தள்ளி நின்று கும்பிடட்டும். கற்பூரம் காட்டியதும் நானே எடுத்துப் பூட்டிவிடுவேன், சுண்டல் அதற்கு அப்புறம்தான். சந்தனம், குங்குமம் குழலில் வைக்காதீர்கள், ஈரம் பட்ட இடத்தில் வட்டமாகத் துரு பிடிக்கும். என் மனைவி இப்போது பெட்டியின் கதவில்தான் பொட்டு வைக்கிறாள்.