யார்க்: காட்டுப்பன்றியா, யூ மரமா?

கேள்வி: இங்கிலாந்தின் பழைய ஊர்ப்பெயர்கள் பற்றிக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். யார்க் என்ற பெயர் காட்டுப்பன்றியிலிருந்து வந்தது என்கிறது ஒரு நூல். யூ (yew) என்ற ஊசியிலை மரத்திலிருந்து என்கிறது இன்னொன்று. லண்டனுக்கோ ஆளுக்கொரு விளக்கம். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: யார்க் விஷயத்தில் இரண்டு நூல்களும் வெவ்வேறு காலத்தைப் பேசுகின்றன. கி.பி. 71 வாக்கில் அங்கே கோட்டை கட்டிய ரோமானியர், ஊரை எபோராகம் என்று எழுதினார்கள். அது அங்கே ஏற்கெனவே வழங்கிய, பிரிட்டனின் பழைய குடிகள் பேசிய கெல்டிக் மொழிப் பெயர். யூ மரங்கள் உள்ள இடம் என்பதே அறிஞர்கள் பலரும் ஏற்கும் பொருள். பின்னால் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்களுக்கு அந்தச் சொல் புரியவில்லை. தங்கள் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் 'எயோவர்' போல அது காதில் விழவே, 'எயோவர்விக்' என்று ஆக்கிக்கொண்டார்கள். 866இல் ஊரைப் பிடித்த வைக்கிங்குகளின் வாயில் அது 'யோர்விக்' ஆனது. அதுவும் தேய்ந்து யார்க். ஆகவே தோற்றம் என்ற தலைப்பில் யூ மரத்தை எழுதுங்கள். காட்டுப்பன்றி நடுவில் வந்து சேர்ந்தது, ஆனால் அதையும் விட்டுவிடாதீர்கள். புரியாத பெயரை மக்கள் எப்படித் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மற்ற ஊர்களுக்கும் இதே வழிதான். இன்றைய எழுத்தை நம்பாமல், மிகப் பழைய வடிவத்தையும் அதன் ஆண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் என்றதும் கேம் ஆற்றுப் பாலம் என்று தோன்றும். பழைய ஆவணங்களிலோ அது கிராண்டா ஆற்றுப் பாலம். ஊர்ப்பெயர் திரிந்த பிறகு, அதைப் பார்த்துத்தான் ஆற்றுக்குக் கேம் என்ற பெயரே வந்தது.

பல ஊர்கள் முதன்முதலாக எழுத்தில் வருவது 1086ஆம் ஆண்டில் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டில். அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். அதைத் தயாரித்தது, பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியரின் ஆட்சி. ஆங்கில ஒலிகள் அதில் பல இடங்களில் மாறியிருக்கும். அதற்கும் முந்தைய சாசனம் இருந்தால் அதையே எடுங்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஊர்ப்பெயர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

சரி, லண்டன்? லட் என்ற மன்னனின் பெயரே ஊருக்கு வந்தது என்ற கதை 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். மொழியியலாளர் ரிச்சர்ட் கோட்ஸ் 1998இல் அதன் மூலமாக ஒரு பழைய ஆற்றுப்பெயரை முன்வைத்தார், எல்லோரும் ஏற்கவில்லை. 'லொண்டினியம்' என்ற ரோமானிய வடிவத்தைக் கொடுத்து, தோற்றம் இன்னும் முடிவாகவில்லை என்றே எழுதுங்கள். அதற்காக எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.