மனப்பாடம் நன்றாக வருகிறது, மதிப்பெண் ஏன் வரவில்லை?

அம்மா, உளவியல் முதலாண்டு படிக்கும் உங்கள் மகள் ஆய்வாளர் பெயர், ஆண்டு, முடிவு எல்லாவற்றையும் கடகடவென ஒப்பிக்கிறார், ஆனால் "இந்த ஆய்வை மதிப்பிடுக" என்ற கேள்வியில் மட்டும் கோட்டை விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய சோதனைகள் பலவற்றை வகுப்பிலேயே சந்தேகிக்கிறார்களே, இதை நம்பிப் படிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம். படிக்கும் விதம்தான் மாற வேண்டும்.

மார்ஷ்மெல்லோ சோதனையை எடுத்துக்கொள்வோம். சின்னக் குழந்தையின் முன் ஓர் இனிப்பை வைத்து, "நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் குழுவினர் செய்தது. நெடுநேரம் காத்திருந்த குழந்தைகள் பதின்வயதில் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள் என்று 1990இல் எழுதினார்கள். உங்கள் மகள் இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

அங்கேதான் நிற்க வேண்டும். யார் அந்தக் குழந்தைகள்? பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளிப் பிள்ளைகள். தேர்வு மதிப்பெண் கிடைத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. சரி, பொறுமைதான் மதிப்பெண்ணுக்குக் காரணமா, அல்லது வீட்டு வசதி இரண்டுக்குமே பின்னால் நிற்கிறதா? 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு ஏறக்குறைய பாதியாகத்தான் தெரிந்தது. குடும்பப் பின்னணி, இளவயது அறிவுத்திறன் போன்றவற்றையும் கணக்கில் எடுத்ததும் இன்னும் வெகுவாகச் சுருங்கியது.

2013இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் ஒருமுறை சொன்ன சொல் தவறிய பெரியவரை நம்பிக் குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம்தான் காத்திருந்தார்கள். சொன்னபடி நடந்தவருக்காக 12 நிமிடம். ஏமாந்த குழந்தை உடனே தின்பது புத்திசாலித்தனம்தானே! ஆனால் இதில் இருந்தவர்கள் மொத்தமே 28 குழந்தைகள். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக எண்ணிக்கையைக் கேட்காமல் விடக் கூடாது.

2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் சுமார் 36 சதவீதம்தான் புள்ளியியல்படி தேறின, அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்லும் அளவுக்கு முடிவு தந்தன. இதைக் கேட்டதும் "எல்லாமே பொய்" என்று துள்ளும் மாணவர்களும் உண்டு. அதுவும் யோசிக்காமல் சொல்வதுதான். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தன் ஒருவரின் நினைவாற்றலை மட்டுமே சோதித்து வரைந்த மறதி வளைகோடு (படித்தது நேரம் போகப் போக எவ்வளவு மறக்கிறது என்று காட்டும் கோடு), 2015இல் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. ஆக, ஆள் குறைவு என்று மட்டும் எழுதினால் மதிப்பீடு ஆகிவிடாது. அந்தக் குறை முடிவை எப்படிப் பாதிக்கும் என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டும். மதிப்பெண் அந்த வரிக்குத்தான்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று ரொம்பக் கவலைப்படாதீர்கள். மனநல ஆலோசகராக மேற்படிப்பு தேவைப்படும். சந்தை ஆய்வு, மனிதவளம் போன்ற இடங்களிலும் தரவை நம்பலாமா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

இந்த வாரம் ஒரே ஓர் ஆய்வை எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். முடித்ததும் "வேறு காரணம் இருக்கலாமே?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், புள்ளியியல் தாளைக் கடைசி நேரத்துக்குத் தள்ளவிடாதீர்கள்.