சாகப் போகிறவன் ஏன் டைரி எழுதுகிறான்?

கேள்வி: பேய் மாளிகை சர்வைவல் ஹாரர் கேம் (பயமுறுத்தும் இடத்தில் உயிர் தப்பிக்கும் விளையாட்டு) எதை எடுத்தாலும் ஒரே கதை. தனி வீடு, இரவு, ஆமை வேகத்தில் திறக்கும் கதவுகள், ஊர்ப்பட்ட சாவிகள், மேஜைக்கு மேஜை ஒரு டைரி. உயிர் போகிற நேரத்தில் எந்த மடையன் உட்கார்ந்து டைரி எழுதுவான்? எந்தப் பைத்தியக்காரன் தன் வீட்டுக்கு இப்படிப் பூட்டு போடுவான்? கதை சொல்லத் தெரியாதவர்களின் சோம்பேறித்தனம் இது. மறுப்பீர்களா?
– ஒரு வாசகர்

பதில்: பாதியை மறுக்கிறேன். மீதிப் பாதியில் உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம்.

முதலில் டைரி. 1996-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ரெசிடென்ட் ஈவில் கேமில் (ஜப்பானில் அதன் பெயர் பயோஹசார்ட்) ஓர் ஊழியரின் டைரி கிடைக்கும். ஆய்வுக்கூடத்து மிருகங்களுக்குத் தீனி போடும் ஆள். முதல் பக்கத்தில் சீட்டாட்டத்தில் தோற்ற புலம்பல். அப்புறம் உடம்பு அரிக்கிறது என்கிறார். நாள் ஆக ஆக வாக்கியங்கள் சுருங்குகின்றன, எழுத்து குழறுகிறது, கடைசியில் இரண்டே சொற்கள் மிஞ்சுகின்றன: அரிப்பு, ருசி. நீங்கள் படித்து நிமிரும்போது அதே அறையின் அலமாரியிலிருந்து எழுதியவரே வெளியே வருகிறார்.

இவர் உயிர் போகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதியவர் இல்லை. நடைப்பிணமாக மாறிக்கொண்டே எழுதியவர். மொழி கரைவதுதான் அங்கே கதை. அதே கேமின் ஆங்கில வசனங்களை நடிகர்கள் பேசிய லட்சணத்தை இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். கூடி நின்று பேசிய காட்சிகள் செய்யாத வேலையை நாலு பக்கக் காகிதம் செய்தது.

இந்த வகைக் கேமில் காகிதம் ஏன் இவ்வளவு என்பதற்கும் காரணம் உண்டு. நீங்கள் வாசலில் கால் வைக்கும்போதே கதை முடிந்துவிட்டது. கொலை நடந்துவிட்டது, சாபம் விழுந்துவிட்டது, பரிசோதனை கைமீறிவிட்டது. நீங்கள் கதாநாயகன் இல்லை, துஷ்டிக்குத் தாமதமாக வந்து சேர்ந்த விருந்தாளி. நடந்ததை யாராவது சொன்னால்தான் தெரியும், சொல்லவேண்டியவர்களோ செத்துப்போனார்கள். காகிதம் இல்லையென்றால் ஆவியே வந்து நிதானமாக விளக்கவேண்டியிருக்கும். விளக்கம் சொல்லும் ஆவியைப் பார்த்து யாரும் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை.

'சரி, வந்தவன் ஏன் திரும்பி ஓடவில்லை' என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கேள்விக்குப் பின்னால் வழக்கமாக அது வரிசையில் நிற்கும். 1992-ல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் வெளியிட்ட அலோன் இன் தி டார்க் அதற்கு ஒரு வார்த்தை பேசாமல் பதில் சொன்னது. லூசியானாவில் டெர்செட்டோ என்றொரு மாளிகை, தூக்கில் தொங்கிய அதன் சொந்தக்காரர். விளையாட்டு பரணில் தொடங்குகிறது. ஜன்னல் வழியாக ஏதோ ஒன்று பாய்ந்து வருவதற்குள் அலமாரியைக் குறுக்கே தள்ளிவிட்டால் தப்பிக்கலாம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கீழே வந்தால் வாசல் கதவு திறக்கும்! திறந்து பாருங்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒன்று உங்களை விழுங்கிவிடும், ஆட்டம் முடிந்தது. இன்னொன்று: அந்த வீட்டுப் புத்தகங்களிலும் விஷயம் உண்டு. சிலவற்றில் துப்பு கிடைக்கும், ஒன்றைப் படித்தால் செத்துப்போவீர்கள். படிப்பதற்கே யோசிக்க வைக்கிற காகிதத்தைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது?

ஆமை வேகக் கதவுக்கு வருவோம். கறுப்புத் திரையில் ஒரு கதவு மெல்லத் திறக்கும் காட்சி, சிடியிலிருந்து அடுத்த அறை ஏறுகிற நேரத்தை மறைக்கத்தான் என்பார்கள். ரெசிடென்ட் ஈவிலைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அந்த கேம் எதைத் திரும்பச் செய்யும் முயற்சியாகத் தொடங்கியதோ, அந்த 1989-ஆம் ஆண்டு ஸ்வீட் ஹோமிலும் கதவு இப்படித்தான் திறக்கும். அதே பெயருள்ள திரைப்படத்தை ஒட்டி, நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக, ரெசிடென்ட் ஈவிலைச் செய்த அதே கேப்காம் நிறுவனம் செய்த கேம் அது. ஃபாமிகாம் கேம் வந்தது கார்ட்ரிட்ஜில். அதில் காத்திருக்க வேண்டிய லோடிங்கே கிடையாது. ஆக, அந்தக் கதவு உங்களைக் காக்கவைப்பதற்கென்றே மெல்லத் திறந்தது. ஐந்து பேர் உள்ளே போவார்கள், செத்தவர் செத்தவர்தான், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த அறையை உடனே காட்டிவிட்டால் பாதி பயம் வாசலிலேயே போய்விடும்.

இந்த வழக்கங்கள் தெரிந்த ஆளையே வழக்கத்தால் அடிக்கவும் முடியும். 1996 ரெசிடென்ட் ஈவிலில் ஒரு தாழ்வாரத்தில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். அலறாதவர் குறைவு. 2002-ல் அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமி அதே கேமைப் புதிதாகச் செய்தபோது, பழைய ஆட்கள் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டது, அவ்வளவுதான். நாய்கள் பிறகு வந்தன, நிம்மதியானவர்களைத் தேடி. சுட்டு வீழ்த்திய பிணத்தையும் எரிக்காமல் விட்டால் அது முன்னைவிட வேகமாக எழுந்து வரும். எரிப்பதற்கான எண்ணெயோ கொஞ்சம்தான். எந்தத் தாழ்வாரத்தில் மறுபடி நடப்போம், எதில் நடக்கமாட்டோம் என்று கணக்குப் போட்டு எரிக்கவேண்டும். அந்தக் கணக்கு, நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்கிற எந்த கட்-சீனிலும் வராத கதை.

இனி உங்கள் பக்கம். பெட்டகத்தின் எண்ணைத் தாளில் எழுதி, அந்தத் தாளைப் பெட்டகம் இருக்கும் அறையிலேயே விட்டுப்போகிறவன் மடையன்தான். அவனைப் படைத்தவரும் அப்படியே. துரத்தப்படும்போது டேப் ரிக்கார்டரை இயக்கி, தன் சிறுவயது முதல் சொல்லத் தொடங்குகிற விஞ்ஞானி அவனுக்கு அண்ணன். ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அந்தத் தாளைக் கிழித்து எறிந்தால் நீங்கள் நடக்கும் விதம் மாறுமா? மாறாது என்றால் அது குப்பை. மேலே சொன்ன ஊழியரின் டைரியைக் கிழித்தால் அலமாரியிலிருந்து வருவது வெறும் ஜோம்பி.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது பேயே இல்லாத ஒரு கேம். 2013-ல் வந்த கான் ஹோம். இடிமழை இரவு, ஆளில்லாத பெரிய வீடு, மினுக்கி மினுக்கி எரியும் விளக்கு. கடைசி அறை வரை பேய் வராது. இதுவரை விளையாடிய பேய் வீடுகளெல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும், கையிலோ ஒரு தங்கையின் குறிப்புகள். ஆம்னீசியா (2010) வேறு வழியில் போனது. அதில் நீங்கள் ஆடும் ஆள் டேனியல், கோட்டையில் கண்விழிக்கும் அவனுக்குக் கிடைக்கும் கடிதத்தை எழுதியவன் டேனியலே. நினைவை அழித்துக்கொள்ளுமுன் எழுதி வைத்தது. எந்த மடையன் எழுதுவான் என்றீர்களே, இதில் நீங்கள்தான் அந்த மடையன்.

சாவிகள் பாக்கி. கவசம் பொறித்த ஒன்று, வாள் பொறித்த ஒன்று, தலைக்கவசம் பொறித்த ஒன்று என்று எந்தப் பைத்தியக்காரன் பூட்டு போடுவான்? 2002 கேமில் அதற்கு ஆள் இருக்கிறார். ஜார்ஜ் ட்ரெவர், அந்த மாளிகையை வடிவமைத்த கட்டடக் கலைஞர். வீட்டின் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று அவரையே உள்ளே அடைத்துவிடுகிறார்கள். தான் அமைத்த பொறிகளுக்குள்ளேயே வழி தேடி அலைந்து, தன் பெயர் வெட்டிய கல்லறை முன்னால் போய்ச் சேர்கிறார். அத்தனையும் அவர் கைப்பட எழுதிய குறிப்புகளில் கிடக்கிறது. நீங்கள் படிக்காமல் தாண்டிப் போயிருப்பீர்கள்.