கொறங்காட்டில் ஆடுமாடு விடாமல் சும்மா போட்டால், இயற்கை தானாகச் சரியாகிவிடுமா?

ஆகாது. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு மனுசனும் மாடும் சேர்ந்து நிலைநிறுத்திய மேய்ச்சல் நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் புல் தழைக்கும்.

அடியில் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய்தான் செம்மறிக்குத் தீனி. தின்ற விதை புழுக்கையோடு விழுந்து, தோல் இளகி, சுலபமாக முளைக்கிறது. சாணத்தை வண்டுகள் மண்ணுக்குள் இழுத்துப் புதைக்கின்றன. அந்தச் சத்து மறுபடி புல்லுக்கே போகிறது.

மேய்ச்சலை நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் வருசம் புல் செழிப்பாகத்தான் தெரியும், அதுதான் ஏமாற்று. பிறகு காய்ந்த தாள் மண்டி, அடியில் வரும் குருத்துக்கு வெயில் படாது. தூர் நலிந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஏறும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதன் விதையையும் ஆடுமாடுதான் பரப்புகிறது. மேய்ச்சல் நடந்தவரை செடி சின்னதாக இருக்கும்போதே ஆள் பிடுங்கிவிடுவார்கள், மேய்ச்சல் நின்றபின் அதற்கு ஆள் இல்லை. அது அடர்ந்து நிழல் கட்டிவிட்டால் புல்காடு முள்காடாகிவிடும். அப்புறம் மழை நன்றாகப் பெய்தாலும் தானாகப் பழையபடி வராது.

அளவுக்கு மீறி மேய்த்தாலும் கெடும்தான். காட்டைப் பட்டி பட்டியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கலாம். சீமைக்கருவேலச் செடிகளைச் சின்னதாக இருக்கும்போது, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள்; வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.